அஷ்டமியில் ஓடாத தண்ணீர்

மூடநம்பிக்கை என்ற சொல்லை நம்மைப்போல் நாலெழுத்துப் படித்தவர்கள் மிகவும் தாராளமாகச் செலவு செய்கிறோம் என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு வருத்தம் உண்டு. நமக்குத் தெரிந்தது அறிவு. நமக்குத் தெரியாத ஒன்று நம்மைவிட ஏழையான ஒருவனுக்குத் தெரிந்திருந்தால் அது மூடநம்பிக்கை. இந்தச் சௌகரியமான கணக்கை வைத்துக்கொண்டுதான் நாம் பல காலமாகக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போய் வந்துகொண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கோபம் யார் மீது என்பது முடிவில் தெரியும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் புதிதாக ஒரு தூண்டிற்கோல் வாங்கியிருந்தார். மூங்கில் கழியும் தக்கையும் அல்ல. சக்கரமும் கைப்பிடியும் வைத்த, மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளக்கூடிய மேல்நாட்டுச் சரக்கு. "ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வாருங்கள். முகத்துவாரத்தில் கொடுவா பிடித்து அங்கேயே சுட்டுச் சாப்பிடுவோம்" என்றார். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

பொன்னேரி வழியாகக் காரில் போகும்போது நண்பர் தம் கைப்பேசியைக் காட்டினார். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கென்றே அதில் ஒரு செயலி இருந்தது. அன்றைக்குப் பகல் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை மீன் நன்றாகக் கடிக்கும் என்று அது சொல்லியிருந்தது. "சந்திரன் மறைகிற நேரம். அந்த நேரத்தில் மீனுக்குப் பசி எடுக்குமாம். எல்லாம் விஞ்ஞானம்!" என்றார். ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926-இல் கிளப்பிவிட்ட கொள்கை இது. சந்திரன் உச்சிக்கு வரும் நேரமும் உதித்து மறையும் நேரமும் மீன் பிடிக்க உகந்தவை என்பது அவர் கட்சி. அது எவ்வளவு தூரம் மெய் என்பதில் அறிந்தவர்களுக்குள்ளே தகராறு உண்டு. நண்பருக்குத் தகராறு இல்லை, ஆங்கிலத்தில் வந்திருக்கிறதே!

பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். நண்பர் அவரிடம் போய், "பெரியவரே, எங்க ரெண்டு பேரையும் அந்தப் பக்கம் மணல் திட்டுல இறக்கி விடணும். என்ன கேக்குறீங்களோ தந்துடறேன்" என்றார்.

பெரியவர் தலை நிமிராமலே, "வெளியாளுங்களப் படகுல ஏத்தக் கூடாது சார், தடை இருக்குது" என்றார். பிறகு தூண்டிற்கோலைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடு, "தடை இல்லாட்டியும் இன்னிக்கு அங்க போயி என்னா பண்ணப் போறீங்க? இன்னிக்கு அஷ்டமி. தண்ணி ஓடாது. நாளைக்கு நவமி, நாளைக்கும் அப்படித்தான். அமாவாசை ஒட்டி வாங்க" என்றார்.

திரும்பி நடக்கும்போது நண்பருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கேட்டீர்களா? எதிரே ஸ்ரீஹரிகோட்டா! ராக்கெட் விடுகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அஷ்டமி நவமி பார்க்கிறார்கள். இந்த ஜனங்கள் எப்படி ஐயா உருப்படுவார்கள்?"

ஏரிக்கரையில் நின்று ஒரு மணி நேரம் தூண்டில் போட்டோம். நண்டு ஒன்று இரையைத் தின்றுவிட்டுப் போயிற்று. சலிப்போடு நான் அந்தச் செயலியை வாங்கிப் பார்த்தேன். நண்பர் நேரத்தை மட்டுமே பார்த்திருந்தார், நாளைப் பார்க்கவில்லை. அந்த நாளுக்கு அதே விஞ்ஞானம் கொடுத்திருந்த மதிப்பெண் மிகவும் குறைவு. காரணமும் போட்டிருந்தது: பாதிச் சந்திரன். பெரியவர் சொன்னதைத்தான் அதுவும் சொல்லியிருந்தது! சந்திரன் ஒன்றுதான், கைப்பேசியில் வந்தால் விஞ்ஞானம், வலை சிக்கெடுப்பவர் வாயிலிருந்து வந்தால் அஷ்டமி நவமி. இந்த அநியாயத்தைத்தான் நான் கேட்கிறேன்.

திதி என்பது என்ன? சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகைகளாக வெட்டி எண்ணுவது. அமாவாசையில் இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றன, பௌர்ணமியில் எதிரெதிரே. அப்போது இரண்டின் இழுப்பும் ஒன்றுசேர்ந்து கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றுகிறது. எட்டாவது திதியான அஷ்டமி 84 பாகையில் தொடங்கி 96-இல் முடிகிறது. அதாவது 90 பாகை என்ற செங்கோணம் அஷ்டமிக்கு நட்டநடுவே விழுகிறது. அப்போது சூரியன் ஒரு பக்கமும் சந்திரன் ஒரு பக்கமும் இழுக்க, கடல் மிகக் குறைவாகவே அசைகிறது. அதன் பலன் கரைக்கு வந்து சேர ஓரிரு நாள் பிந்தும். ஆகவே நவமியும் சேர்ந்துகொள்கிறது. ஓதத்தின் வேகத்தை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் திதியைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? ஜனவரி 14 என்றால் கடலுக்கு ஒன்றும் விளங்காது. அஷ்டமி என்றால் விளங்கும்.

அஷ்டமியில் கல்யாணம் செய்யலாமா, கடை திறக்கலாமா என்பது வேறு விவகாரம். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பெரியவர் பேசியது தண்ணீரைப் பற்றி. அஷ்டமி கூடாத நாள் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் ஓடாது என்றார். நண்பர் காதில் விழுந்ததோ அவருடைய பாட்டியின் குரல். கேட்கிறவனுடைய மூடநம்பிக்கையைச் சொல்கிறவன் தலையில் கட்டுவது என்பது இதுதான்.

தண்ணீர் ஓடாவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். பழவேற்காட்டில் குடிதான் முழுகும். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடிதான் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. பார்க்கக் கடல் போல இருக்குமே தவிர, சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். சென்னைக் கரையில் அமாவாசை பௌர்ணமியின்போதுகூட ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 3 அடி; பாதிச் சந்திரனின்போது அதில் பாதிக்கும் குறைவு. குஜராத்தில் பாவ்நகர்க் கரையில் 30 அடிக்கு மேல் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு ஒன்றரை அடி வித்தியாசம் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். இறால் குஞ்சாகக் கடலிலிருந்து ஏரிக்குள் வருகிறது. வளர்ந்தபின் இரவில் வற்றுநீர் வேகமாக ஓடும்போது அந்த ஓட்டத்தோடு கடலுக்குத் திரும்புகிறது. அந்த வழியில்தான் வலை நிற்கிறது. ஓட்டம் இல்லையானால் இறால் இல்லை. இறால் இல்லையானால் அடுப்பு இல்லை.

அந்த வழியில் யார் வலை நிறுத்துவது என்பதற்கும் அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. 'பாடு' என்று பெயர். நல்ல இடங்களை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. குப்பங்களுக்கும் குடும்பங்களுக்கும் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர் நாளைக்கு அவர் என்று மாறிக்கொண்டே வரும். அதிலும் எல்லோரும் சமம் என்று சொல்லமாட்டேன். பாட்டு உரிமை உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. அதனால் சண்டைகளும் உண்டு. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடுகிற இருளர்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. வற்றம் ஒன்றுதான் அவர்கள் முதல். ஆனால் சந்திரனையும் ஓதத்தையும் கணக்கில் எடுத்து, ஒரு நீரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் வித்தையை இந்த மக்கள் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுக்கு மாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்தால் நாம் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

சரி, ராக்கெட்டுக்கு வருவோம். நண்பர் அதைத்தானே சாட்சிக்கு அழைத்தார்! சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று பகல் 2.35-க்குப் புறப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று சந்திரனில் இறங்கியது. ஏன் அந்த நாள்? இறங்க வேண்டிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. அடுத்த பதினான்கு நாள் பகல் வெளிச்சம் கிடைக்கும். பூமி எங்கே, சந்திரன் எங்கே, சூரியன் எங்கே என்று பார்த்து, நாளும் நாழிகையும் குறித்துப் போனார்கள், வென்றார்கள். நாம் கைதட்டினோம். ஏரியின் அந்தக் கரையில் சந்திரனைப் பார்த்து நேரம் குறிப்பவர் விஞ்ஞானி; இந்தக் கரையில் சந்திரனைப் பார்த்து நேரம் குறிப்பவர் மூடர். இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் உண்டு. ராக்கெட் ஏவுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு உத்தரவு வரும். ஆபத்துக்காகத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாள் அமாவாசைக்கு மறுநாளாக இருந்தால்? கடல் நன்றாக ஓடுகிற நாள்கள் மாதத்தில் எத்தனை? அவற்றில் ஒன்று போனால் போனதுதான். சாயங்காலம் தொலைக்காட்சியில் நாம் கைதட்டும்போது, அந்தக் கைதட்டலுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்தவன் யார் என்று நமக்குத் தோன்றுகிறதா?

என் கட்சியை மறுப்பவர்கள் ஒன்று சொல்லலாம், அது நியாயமானதும்கூட. திதியைப் பார்த்தால் புயல் தெரியுமா? தெரியாது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையேறியது. அதற்கு முந்திய இரண்டு நாளும் சென்னையையும் திருவள்ளூரையும் அது என்ன பாடுபடுத்தியது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று தேய்பிறை அஷ்டமி! பெரியவர் கணக்குப்படி கடல் சும்மா கிடந்திருக்க வேண்டிய நாள். புயல் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில், எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் இருந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவே இல்லை. காற்றின் வாடையை மோந்து, மேகத்தின் நிறத்தைப் பார்த்துத் தப்பிவிடலாம் என்று நான் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். செயற்கைக்கோள் வேண்டும், வானிலை நிலையம் வேண்டும். 2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைக் கோளை அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் அனுப்பினார்கள். ஹைதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் வானிலிருந்து பார்த்து மீன் எங்கே சேரும் என்றும், அலை எவ்வளவு எழும்பும் என்றும் சொல்கிறது. நல்ல காரியம். மீனவர்களும் அதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். பெரியவர் பக்கத்திலும் ஒரு கைப்பேசி இருந்தது. அவர் சந்திரனையும் பார்க்கிறார், கைப்பேசியையும் பார்க்கிறார். ஒன்றை மட்டும் பார்த்தவர் என் நண்பர்தான், அதையும் அரைகுறையாக!

வானிலைச் செய்தி பரந்த கடலுக்குச் சொல்வது. முகத்துவாரம் ஓர் இடம். சென்னைத் துறைமுகத்து ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்குள் தண்ணீர் எப்போது திரும்பும் என்று சொல்லிவிட முடியாது. முகத்துவாரம் அகலமாக இருந்தால் ஒரு நேரம், மணல் சேர்ந்து குறுகினால் ஒரு நேரம், ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் வேறு ஒரு நேரம். வடகிழக்குப் பருவமழையில் விரியும், கோடையில் சுருங்கும், சில சமயம் அடியோடு அடைபட்டும் போகும். இதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்துக் கணக்கிலே திருத்திக்கொள்கிறவர்கள் அந்தக் கரையில் இருக்கிறவர்கள்தான்.

2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு அங்கே கவிழ்ந்தது. குழந்தைகளும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரியவர் சொன்ன தடை அதற்குப் பிறகு வந்தது. எங்களை மறுத்த மனிதர், ஒரு நாள் வருமானத்தை மறுத்துத்தான் எங்களை மறுத்தார். காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருப்பதால் அந்த நாள் நமக்கு உல்லாச நாள் ஆகிவிடுகிறது. கடலுக்குச் சிவப்பு எழுத்துத் தெரியாது.

இதுவரை சொன்னது தனி மனிதர்களின் அறியாமை. இதே அறியாமை பெரிய நாற்காலியில் உட்கார்ந்து திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நடுவே சுவர் வைத்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். இதற்குச் சாட்சி வேண்டுமானால் நாம் சுண்டல் தின்கிற மெரீனாவே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு மெரீனா அகன்றுகொண்டே வந்தது. வடக்கே ராயபுரம் கரைந்துகொண்டே போனது. ஒரு பக்கத்தாருக்கு உலாவுகிற இடம் கிடைத்தது. மறுபக்கத்தாருக்கு இருந்த இடம் போயிற்று. இதை அறிந்தும் 2001-இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் திறந்தோம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்று. ஏறக்குறைய 330 ஏக்கரில் இருந்த அதை, கடலில் ஒரு பகுதியையும் தூர்த்து, 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்க ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அதற்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் அறிவிக்கப்பட்டு நடக்காமலே போயிற்று. இவற்றுக்கெல்லாம் அடுத்த வடக்கே என்ன இருக்கிறது? பழவேற்காட்டு முகத்துவாரம் இருக்கிறது.

கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அதில் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. அன்றைக்கு எந்தத் திதி என்று பார்த்து என்ன பயன்? ஓதம் ஏறியபோது எண்ணெயும் ஏறியது.

மின்சாரம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை எழுதும் விளக்கும் மின்விளக்குத்தான். நண்பரின் சம்பளமும் தொழிற்சாலைச் சம்பளம்தான். நான் கேட்பது இதுதான்: கடலில் ஒரு கல் போடுமுன், அந்தக் கல்லால் தண்ணீரின் ஓட்டம் எப்படி மாறும் என்று அந்த ஓட்டத்தில் பிழைப்பவனைக் கேட்டீர்களா? அவன் சொல்வதை எழுதிக்கொண்டீர்களா? அல்லது, 'அஷ்டமி நவமி பேசுகிறான்' என்று சிரித்துவிட்டு வந்தீர்களா? மீனவனுக்கு விஞ்ஞானம் கற்றுக்கொடுக்க நாம் துடிக்கிறோம். கைப்பேசியில் அலை உயரம் அனுப்புகிறோம். காற்றின் வேகம் அனுப்புகிறோம். எல்லாம் அனுப்பிவிட்டு, அவன் கடலுக்குப் போகிற வாசலை மணல் மூடும்படி செய்துவிட்டால், அந்தச் செய்தியை அவன் திண்ணையில் உட்கார்ந்து படிப்பதற்கா?

முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை அவர்களுக்குச் செய்யும் தர்மமாக நினைக்கக் கூடாது. கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவிடுகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூலி உண்டு என்பதை உத்தரவில் கையெழுத்திடுகிறவர்கள் நினைக்க வேண்டும். கரையிலே கட்டப்போகும் எதற்கும் அந்தக் கரையின் கணக்குத் தெரிந்தவர்களைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும். இவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த முறை கடற்கரையில் ஒருவர் "இன்னிக்குத் தண்ணி ஓடாது சார்" என்று சொன்னால், சிரிக்காமல், "ஏன் பெரியவரே?" என்று கேட்க வேண்டும்.

நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. நண்பர் சிரித்தபோது நானும் லேசாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, புத்தகத்தைப் புரட்டி, பாகைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பெரியவர் சொன்னது சரி என்று எனக்கு உறைத்தது. அதுவும் என்ன பெருமை? அச்சில் இருந்ததால் நம்பினேன். என் கோபம் யார் மீது என்று இப்போது தெரிந்திருக்கும்.